தூக்கி ஊத்துற தண்ணி

காளியம்மாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. யாராவது அதைத் திரும்பிப் பார்ப்பார்களா? ஆனால் அன்றைக்கு அவள் கண் போய்விட்டது. வேலிக்காத்தான் புதர் மறைவில், வெளுத்த மண்மேல், கலர் சோடாவைக் கொட்டிவிட்டது மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஈரம்.

சட்டென்று காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். கால் கட்டைவிரல் வீங்கிக் கிடந்தது, மண்ணைத் தள்ளத் தள்ள உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மூடிவிட்டு, கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டாளம்மாள் பார்த்தாளா என்று ஒரு பார்வை பார்த்தாள். ஆண்டாளம்மாள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிறவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

மூத்திரம் கலர் மாறினால் மாறிவிட்டுப் போகட்டுமே, இதுக்கா இந்தக் கூத்து என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு அந்தக் காலனியைத் தெரியாது. உத்திரமேரூர் ஏரிக்குப் பின்னால் நாலு தெரு. அங்கே கலராக மூத்திரம் போனவள் ஒருத்திதான். அவள் பேர் அம்முலு.

அம்முலு, காளியம்மாளின் புருஷன் வேதகிரிக்குக் கூடப்பிறந்த அக்கா. கட்டினவன் விட்டுவிட்டுப் போனதும் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று கண்டுபிடித்தார்கள். முதுகில் தொட்டால் தெரியாத ஒரு தேமல், இடது கையில் மடங்கிப்போன ரெண்டு விரல், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை சைக்கிளில் ஒரு சார் வருவார். சிவப்பு மாத்திரையை அவர் எதிரிலேயே அம்முலு விழுங்க வேண்டும். அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சிவப்பாகப் போகும். காலனியில் கக்கூஸ் ஏது? பெண்கள் எல்லாரும் ஏரிக்கரைப் புதருக்குத்தான் போக வேண்டும். வியாதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

மாத்திரை முடிந்தது. "ஒனக்கு ஒண்ணுமில்லம்மா, இனிமே யாருக்கும் ஒட்டாது. எல்லாரோடயும் சேந்து சாப்புடு" என்று அந்த சார் வாசலில் நின்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். யார் கேட்டார்கள்? காளியம்மாளே கேட்கவில்லை. அம்முலுவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தண்ணி கேட்டால் சொம்பை ஒரு முழம் தூக்கிப் பிடித்து அவள் தம்ளரில் ஊற்றுவாள். சொம்பு தம்ளரில் பட்டுவிடக் கூடாதாம்.

ஊருக்குள் நிலத்துக்காரர் வீட்டில் இவர்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள். கையைக் குவித்துக் குனிந்து குடிக்க வேண்டும். "நாங்க இன்னா நாயா?" என்று அதைப் பற்றிக் காலனியில் பேசாத நாள் கிடையாது, அதிலும் காளியம்மாள் வாய்க்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுக்குள் வந்ததும் அதே மாதிரி சொம்பைத் தூக்கிப் பிடித்தாளே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அம்முலு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குனிந்து தம்ளரை நீட்டுவாள். ஊற்றியதைக் குடிப்பாள்.

அப்புறம் காளியம்மாளுக்கே வந்தது. முதலில் காலையில் எழுந்தால் விரல் மடங்காது. அடுப்பைப் பற்ற வைக்கத் தீக்குச்சியைப் பிடிக்க முடியாது. வெயில் ஏறினால் கொஞ்சம் விடும். பிறகு மணிக்கட்டு வீங்கியது, முட்டி வீங்கியது, ரெண்டு கையும் ஒரே மாதிரி வீங்கியது. உத்திரமேரூரில் ஊசி போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் பழைய குருடி. ஒரு வருஷத்தில் வலது கையில் சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கோணிக்கொண்டன.

கோணின விரலைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். அம்முலுவின் விரல்.

அன்றைக்குச் சாயங்காலம் தெருப் பம்பில் தண்ணி பிடிக்கிற கூட்டம். அம்முலு குடத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவள் பிடிப்பாள், அது வழக்கம். காளியம்மாளுக்கு என்ன வந்ததோ, கோணின கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்:

"பாருங்கடி எல்லாரும்! ஒரே வூட்ல சோறு போட்டதுக்கு இவ எனக்குக் குடுத்த சீர இன்னான்னு பாருங்க! ஒன் வியாதிய எனக்கு ஒட்ட வுட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

பம்பு அடித்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள். அம்முலு காலிக் குடத்தைப் பம்புப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தட்டையும் தம்ளரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திருமுக்கூடலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே அவளுக்குச் சின்னம்மா முறை ஒருத்தி உண்டு, அம்முலு அவர்களுடைய பழைய மாட்டுக்கொட்டகையில் இருந்துகொண்டு கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுகிறாள் என்று பிறகு தெரிந்தது. வேதகிரி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. ஆனால் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த மனுஷனுக்கு வாய் இருப்பதே பீடி குடிப்பதற்குத்தான்.

அதற்கப்புறம்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா விரல் கணுவை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள், படம் எடுக்கச் சொன்னாள். "வீட்ல யாருக்காவது வேற ஏதாவது வியாதி இருந்துச்சா?" என்று கேட்டாள். காளியம்மாள், "யாருக்கும் இல்லீங்க" என்றாள். வேதகிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது முடக்குவாதம்மா. ஒட்டுற நோய் இல்ல. ஒடம்பே தன் மூட்டைத் தின்னுது. ஒரு புது மாத்திரை தர்றேன். ஊசி மாதிரி ஒடனே கேக்காது, ரெண்டு மாசம் மூணு மாசம் ஆகும். நடுவுல நிறுத்தக் கூடாது. இப்பவே விட்டா மீதி விரலும் கோணிடும்."

ஒட்டுற நோய் இல்லை! திரும்பி வருகிற பஸ்ஸில் காளியம்மாளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வாலாஜாபாத் தாண்டும்போது வேதகிரி மெதுவாகக் கேட்டான்: "அப்ப அக்காவ இட்டாந்துடலாமா?"

"பாக்கலாம்" என்றாள்.

என்ன பார்ப்பது? அம்முலுவைக் கூப்பிட வேண்டும் என்றால், பம்பில் சொன்னது பொய் என்று ஆகும். அவளைத் திட்டின வாய்க்கு அதைச் சொல்ல வெட்கம். நவரை நடவு முடியட்டும் என்று நினைத்தாள். பொங்கல் போகட்டும் என்று நினைத்தாள். தள்ளிப்போட ஒருத்திக்குச் சாக்கா இல்லை?

மாத்திரை மஞ்சளாக, குண்டாக இருந்தது. சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளில்தான் அந்த ஆரஞ்சு ஈரம்.

காளியம்மாள் மனசுக்குள் ஒரே முடிவுக்கு வந்தாள். டாக்டரம்மா பொய் சொல்லியிருக்கிறாள். பயந்துபோவாள் என்று புருஷனும் டாக்டரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். இது பெருவியாதி மாத்திரையேதான், கலர்தான் கொஞ்சம் மாத்தி. யாரைக் கேட்பது? வீட்டில் யாருக்கும் இல்லை என்று அவளே அல்லவா சொல்லிவிட்டு வந்தாள்! இப்போது போய், என் நாத்தனாருக்கு இருந்தது, எனக்கும் அதுவா என்று எந்த முகத்தோடு கேட்பது? வேதகிரியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால்? மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அன்றோடு நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? ரெண்டு நாளில் கலர் போயிற்று, பத்து நாளில் வலி ஏறியது. அதுவும் மார்கழிப் பனியில், சேற்றில், நாற்று முடியைப் பிரித்துக் குத்துகிற வேலையில். மற்றவர்கள் வரிசையாக நட்டுக்கொண்டே பின்னால் போக, இவள் நடுவில் மாட்டிக்கொள்வாள். முன்னெல்லாம் அப்படி மாட்டினால் பக்கத்தில் இருப்பவள் கிண்டல் பண்ணிக்கொண்டே ரெண்டு கை சேர்த்துப் போடுவாள். இப்போது யாரும் பக்கத்தில் வரவில்லை. ஆண்டாளம்மாள்தான் அந்த நடவு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவள். அவள் காளியம்மாளை வரப்போர முனையில் நிறுத்தினாள்.

"ஒனக்கு முடில இல்ல, நீ ஓரமா நில்லு காளி" என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள்.

மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து எல்லாரும் சோற்றைப் பிரித்தார்கள். தண்ணிக் குடம் ஆண்டாளம்மாளிடம். சொம்பு ஒவ்வொருத்தி கையாக மாறி வந்தது. காளியம்மாள் கையை நீட்டினாள். சொம்பு அவள் கைக்கு வரவில்லை.

"கைய புடி, ஊத்தறேன்" என்றாள் ஆண்டாளம்மாள். சொம்பை ஒரு முழம் தூக்கிப் பிடித்தாள்.

 அந்த உயரம் காளியம்மாளுக்குத் தெரியும். தண்ணி எந்த வளைவில் விழும், எவ்வளவு சிதறும், எல்லாமே அத்துப்படி. குனிந்து கையைக் குவித்தாள்.  அவள் குடித்தாள். வேறு என்ன செய்வது, தாகம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வேதகிரி கேட்டதற்கு, "ஒடம்பு சரில்ல" என்றாள். அவன் கூலிக்குப் போனதும் திருமுக்கூடலுக்குப் பஸ் ஏறினாள்.

அம்முலு கத்தரிப் பாத்தியில் மடை மாற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"இன்னாமே, வழி தெரிஞ்சிதா?"

காளியம்மாள் வேறு எதுவும் பேசாமல், தலையைக் குனிந்துகொண்டு, புதரில் பார்த்ததைச் சொன்னாள். மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். "அத்துதானா அண்ணி? நீதான் சொல்லணும். ஒனக்குத்தான் தெரியும்."

அம்முலு அவள் கையைப் பிடித்தாள். கோணின விரலின் கணுவைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். "ஐயோ யம்மா!" என்று காளியம்மாள் துள்ளிவிட்டாள்.

"நோவுதா?"

"உயிரு போவுது அண்ணி!"

"அப்ப அத்து இல்ல" என்றாள் அம்முலு. தன் மடங்கின விரலைக் காட்டினாள். கணுவுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு. "அடுப்புல வெந்துக்கினு கெடந்துது, நாத்தம் வந்தாங்காட்டியும்தான் எனக்குத் தெரிஞ்சிது. என் வியாதி நோவாது காளி. ஒன்னுது நோவுது. என்னுது செவப்பு, மாசத்துக்கு ஒரு நாள் போவும். ஒன்னுது ஆரஞ்சு, தெனமும் போவும். மாத்திரையோட கலரு, அவ்ளோதான். மருந்து குடுக்கற எடத்துல தம்பியாண்ட சொல்லி அனுப்சிகீறாங்களே, பயப்பட வாணாம்னு. அவன் கடசிவரைக்கும் ஒங்கிட்ட சொல்லலியா?"

காளியம்மாள் வாயைப் பிளந்தாள். "ஒனக்கு யாரு சொன்னது?"

"அவன்தான். மாசாமாசம் வரானே. பொம்பளகிட்ட மூத்தரத்த பத்தி எப்பிடி பேசறது, வெக்கமா கீது, நீ வந்து சொல்லுக்கான்னான். நான் எப்பட்றா வர்றது? வராதன்னு பம்பாண்ட நாலு பேரு முன்னால சொல்லி அனுப்சவ வூட்டுக்கு மூத்தரம் பத்தி பேச வரவான்னேன்."

காளியம்மாளுக்கு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தது. மருந்துக் கவுண்டரில் அவன் வரிசையில் நின்றது, அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸில் அவன் கேட்டது, அவள் பாக்கலாம் என்றது. அன்றைக்கே இவளைக் கூட்டிவந்திருந்தால் மாத்திரை நின்றிருக்காது, வலி ஏறியிருக்காது. எல்லாம் அவள் கையால் அவளே போட்டுக்கொண்ட முடிச்சு.

"தாகமா கீது அண்ணி" என்றாள்.

அம்முலு கொட்டகைக்குள் போய்ச் சொம்பில் தண்ணி கொண்டுவந்தாள். "கைய புடி" என்றாள். சொம்பை ஒரு முழம் தூக்கிப் பிடித்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். தன் பாத்திரம் இவள்மேல் படக் கூடாது என்று பத்து வருஷம் பழகின கை, தானாகத் தூக்கிக்கொண்டது. காளியம்மாள் ரெண்டு கையையும் குவித்தாள். வீங்கின விரல்கள் சேரவில்லை. தண்ணி சந்து வழியாக ஒழுகி முழங்கைக்கு ஓடியது. ஒரு வாய் தேறவில்லை.

"தம்ளர்ல குடேன்."

"என்னுது ஒண்ணுதான் கீது."

"அத்துலயே குடு."

அம்முலு சொம்பை இறக்கினாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது, பத்து வருஷமாக வராத கோபம்.

"வாணாம். இங்க எவ கீறா பாக்கறதுக்கு? கத்திரிச் செடி பாக்கறதுக்கா என் தம்ளர்ல குடிக்கப் போற? சரி, இத சொல்லு. நீ என்ன இட்டும்போவ வந்தியா, ஒன் மூத்தரத்துக்கு நாயம் கேக்க வந்தியா?"

 காளியம்மாளுக்குத் தெரியும், ரெண்டாவதுதான் உண்மை. பஸ் ஏறின நிமிஷத்திலிருந்து இந்த நிமிஷம்வரை அம்முலுவைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. தன் விரலையும் தன் பயத்தையும் மட்டும்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அது அம்முலுவுக்கும் தெரிந்துவிட்டது. வரப்பில் கையேந்திக் குடித்தபோதுகூட இவ்வளவு கேவலமாக இல்லை. பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அம்முலு தேற்றவில்லை. மடையைத் திறந்து அடுத்த பாத்திக்குத் தண்ணி விட்டாள்.

தோட்டம் முழுக்க நனைந்த பிறகு காளியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆமா அண்ணி. எனக்காவத்தான் வந்தேன். இப்ப கேக்கறேன், நீ வா. நான் சொன்னது பொய்யின்னு சொல்றேன்."

"எங்க சொல்லுவ?"

"பம்பாண்ட."

 அம்முலு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, தட்டையும் தம்ளரையும் பையில் போட்டாள். "நீ சொல்லலன்னா அடுத்த பஸ்லயே திரும்பிடுவேன்" என்றாள்.

அவர்கள் காலனிக்கு வந்தபோது சாயங்காலத் தண்ணிக் கூட்டம் கூடியிருந்தது. அம்முலுவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பம்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். காளியம்மாள் நடுவில் வந்து நின்றாள்.  அன்றைக்கு இதே இடத்தில் எவ்வளவு சுலபமாகக் கத்தினாள்! அந்தத் தொண்டை இப்போது எங்கே போயிற்று?

"அன்னிக்கு நான்..." என்றாள்.

"இன்னாடி மொணமொணக்கற?" என்றாள் ஆண்டாளம்மாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. எங்க அண்ணிகிட்டருந்து எனக்கு எதுவும் ஒட்டல. அவுங்களுக்கு எப்பவோ சரியாயிட்ச்சி. எனக்குக் கீறது வாதம். என் புத்தி கெட்டுப்போய் பேசிட்டேன்."

"அப்ப ஒன் மூத்தரம் இன்னாத்துக்குடி கலரா போவுது? மண்ணத் தள்ளி மூடனியே, நான் பாக்கலன்னு நெனச்சிக்கினியா?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். காளியம்மாளுக்கு முகம் கொதித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம். பக்கத்தில் அம்முலு பையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் பாதி திரும்பியபடி நின்றாள். பஸ் வருகிற பக்கம்.

"மாத்திர கலரு" என்றாள் காளியம்மாள், சத்தமாக. "நிறுத்திட்டேன். இன்னிலருந்து திரும்ப துன்னப்போறேன். அப்பால திரும்ப ஆரஞ்சாத்தான் போவும். எல்லாரும் வந்து பாருங்க. இனிமே நான் மண்ணப் போட்டு மூடல."

சொல்லிவிட்டு அம்முலுவின் பைக்குள் கையை விட்டுத் தம்ளரை எடுத்தாள். எடுக்க வரவில்லை, வழுக்கியது. ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்து எடுத்தாள். பம்பு அடிக்க அவளால் முடியாது. அம்முலு மடங்கின விரலைக் கைப்பிடியில் கொக்கி மாதிரி மாட்டி அடித்தாள். தம்ளர் நிறைந்தது. காளியம்மாள் அதை உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

கைதட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? ஆண்டாளம்மாள் பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ஒருத்தி மட்டும் தயங்கி நின்றாள், பிறகு அவளும் போய்விட்டாள். பம்படியில் இவர்கள் ரெண்டு பேர்தான் மிச்சம்.

அம்முலு சிரித்தாள். "போவட்டும் வுடு. இனிமே அவுங்க தூக்கி ஊத்தறதுக்கு ஒருத்தி இல்ல, ரெண்டு பேரு கீறோம்."

காளியம்மாளுக்குச் சிரிக்க வரவில்லை. பத்து வருஷம் அந்தத் தண்ணியை ஊற்றினவள் அவள்தான்.